யார் கையில் விமானம்

இதற்கு மேல் ஒரு மடக்குக் குடித்தாலும் வெடித்துவிடுவேன் என்றேன், அதற்கு அந்த சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் இதேதான் சொல்றாங்க பாப்பா, இதுவரைக்கும் ஒருத்தரும் வெடிக்கல, வயிறு நல்லா நெறைஞ்சாத்தான் ஸ்கேன்ல தெளிவாத் தெரியும், இன்னொரு டம்ளர் குடிச்சிட்டு உக்காரு, உனக்கு முன்னால ரெண்டு பேர் இருக்காங்க" என்று தண்ணீர் பாட்டிலை என் கையிலேயே திணித்துவிட்டுப் போய்விட்டார். விமானம் ஓட்டுவதற்கும் வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பதற்கும் என்ன சம்பந்தம், ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் பைலட் ஆக வேண்டும் என்று கிளம்புகிறவர்களின் காது, பல், கண், இதயம், சிறுநீரகம், பித்தப்பை எல்லாவற்றையும் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் விமானப் பள்ளியில் சேரவே முடியும், அதனால் காலையிலிருந்து இந்தக் கோயம்புத்தூர் ஸ்கேன் சென்டரில் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடந்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வருகிறேன், மூச்சை இழுக்கச் சொன்னார்கள் இழுத்தேன், நாக்கை நீட்டச் சொன்னார்கள் நீட்டினேன், உனக்கு இது வேண்டுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, அதற்கு ஒரு மெஷின் இருந்தால் நன்றாக இருக்கும், வயரை ஒட்டிக்கொண்டு படுத்தால் போதும், வேண்டும் வேண்டாம் என்று காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிடும். பக்கத்து நாற்காலியில் அப்பா, காங்கேயத்தில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிற தெய்வசிகாமணி, மடியில் மூன்று பள்ளிகளின் வழவழப்பான புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புகிறார், ஏற்கெனவே எல்லாப் பக்கமும் அவருக்கு அத்துபடி, ஆனாலும் திருப்புகிறார். மத்தியானத்துக்குள் புனேயில் பள்ளி நடத்துகிற கேப்டன் பர்வேயின் ஆபீஸிலிருந்து போன் வரும், சேர்கிறோம் என்று சொன்னால் இடம் நமக்கு, சொல்லாவிட்டால் வேறு யாருக்கோ. "நீயே எடுத்துச் சொல்லிரு கண்ணு, உன்ற வாயால சொன்னாத்தான் நல்லாருக்கும்" என்று காரில் வரும்போதே சொல்லிவிட்டார், நானும் சரிங்ப்பா என்றுவிட்டேன், சரிங்ப்பா என்பது என் வாயில் தானாக வருகிற வார்த்தை, அதற்கு நான் யோசிக்கவே தேவையில்லை.

கண் டாக்டர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று இப்போது நினைப்பு அங்கே போய் மாட்டிக்கொள்கிறது. புள்ளி புள்ளியாக இருக்கும் அந்தப் புத்தகத்தைத் திருப்பி எண்ணைச் சொல் என்றார், எழுபத்திநாலு என்றேன் டக்கென்று, சரி என்றும் சொல்லாமல் தப்பு என்றும் சொல்லாமல் அடுத்த பக்கம் திருப்பிவிட்டார். நிறம் பிரிக்கத் தெரியாதவர்களுக்கு அதே பக்கத்தில் இருபத்தொன்று தெரியுமாம், எனக்கு எழுபத்திநாலு தெரிந்ததா, அல்லது அங்கே எழுபத்திநாலு என்று எனக்குத் தெரியுமா, ஏனென்றால் பயத்தில் போன மாதம் முழுக்க அந்தப் படங்களை யூடியூபில் பார்த்துப் பார்த்து எந்தப் பக்கத்தில் எந்த எண் வரும் என்று எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, பார்த்துச் சொன்னேனா மனப்பாடத்தில் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அதோ கதவுக்கு மேல் இருக்கிற பலகை பச்சை, பச்சைதானே, அப்பாவிடம் கேட்டால் என்ன, "அது பச்சைதானுங்களே ப்பா" என்று கேட்டால் மனுஷன் இங்கேயே மயங்கி விழுவார், வேண்டாம், பச்சைதான். எல்லாமே எனக்கு இப்படித்தான் இருக்கிறது, பறக்க வேண்டும் என்பதும் என் கண்ணில் தெரிகிற எண்ணா, கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆன எண்ணா. கர்நாடகத்து ஃப்ளையிங் கிளப்புக்கு போன் செய்தபோது இதில்தான் மாட்டிக்கொண்டேன், அப்பா மடியில் மூன்றாவதாக, அடியில் கிடக்கிறதே அந்தப் பள்ளி, பழைய கிளப், இருக்கிறதே கொஞ்சம் விமானம், அதிலும் ஒன்று பறந்தால் ஒன்று ஷெட்டில் கிடக்கும், மழைக்காலத்தில் வாரக்கணக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், அமெரிக்காப் பள்ளியில் அந்தக் கவலை இல்லை, பாலைவனம், வருஷம் முழுக்க வெயில், சீக்கிரம் முடித்துவிடலாம், ஆனால் திரும்பி வந்து இங்கே மறுபடி பரீட்சை எழுத வேண்டும், அது தவிர அமெரிக்கா அமெரிக்காதான், அம்மா அந்த வார்த்தையைக் கேட்டதுமே அடுப்படிக்குப் போய்விடுகிறாள். மற்ற இரண்டு இடத்திலும் போனை எடுத்தவர்கள் எத்தனை விமானம், எத்தனை மாதம், எத்தனை பேருக்கு வேலை என்று மூச்சு விடாமல் சொன்னார்கள், அந்த கிளப்பில் மட்டும் பயிற்சி தருகிற கேப்டன் ஷைலஜாவே எடுத்தார், ஓசூர்த் தமிழில் "எல்லாம் அப்புறம் சொல்றேன், நீ சொல்லு மொதல்ல, உனக்கு ஏன் பறக்கணும்?" என்றார். நான் "எங்கப்பாவுக்கு" என்று ஆரம்பித்து, அதற்கு மேல் வாக்கியம் கிடைக்காமல், ஹலோ ஹலோ கேக்கலீங்க என்று சொல்லி வைத்துவிட்டேன், நன்றாகத்தான் கேட்டது.

எங்கப்பாவுக்கு ஆசை, அவ்வளவுதான் அந்த வாக்கியம். சித்தப்பா துபாய் போகும்போது வழியனுப்ப ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தோம், நான் ரிப்பன் கட்டிய ரெட்டைச் சடையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், ஒரு பெண் பைலட் சின்னச் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார், தொப்பிக்குக் கீழே கொண்டை, ஒரு முடி வெளியே இல்லை, நான் "செமையா இருக்காங்கல்ல ப்பா" என்றேன், கொண்டையைத்தான் சொன்னேன், எண்ணெய் வழிகிற என் சடையை நினைத்துக்கொண்டு அந்தக் கொண்டையைச் சொன்னேன், அல்லது பெட்டியைச் சொன்னேன், சத்தமே இல்லாமல் உருண்டு போனது அந்தப் பெட்டி. அப்பா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார், பிறகு "ஏன், நீயும் ஆகலாமே கண்ணு" என்றார், முகம் என்னவோ ஆகிவிட்டது அவருக்கு, அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் எப்படி அப்பா நான் கொண்டையைச் சொன்னேன் என்று சொல்வது. அப்புறம் பொம்மை விமானம் வந்தது, கணக்குக் குரூப் வந்தது, கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு "என்ற பொண்ணு பைலட்டுக்குப் போறாளுங்க" வந்தது, தாரணி என்று பூமியின் பேரை வைத்துவிட்டு மேலே அனுப்புகிறாயே என்று பெரியப்பா கிண்டல் செய்தபோதுகூட அப்பா சிரித்துக்கொண்டார், விட்டுக்கொடுக்கவில்லை. பர்வேயின் பள்ளியைப் பார்க்க நாங்கள் புனேவுக்கு விமானத்தில் போனோம், அப்பாவுக்கு அதுதான் முதல் தடவை, ஓடுபாதையில் வேகம் பிடித்ததும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார், உதடு அசைந்துகொண்டே இருந்தது, சென்னிமலை முருகனைக் கூப்பிடுகிறார் என்று தெரிந்தது, ஆசை நிறைவேறுகிற மனுஷனின் முகம் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது, இவரிடம் போய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன். வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்றும் தோன்றவில்லை, அதுதான் கஷ்டம், வேண்டாம் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அழுதாவது சொல்லிவிடலாம்.

உள்ளே போனவர் இன்னும் வரவில்லை, எனக்கு முன்னால் இன்னும் ஒருவர், அந்த அண்ணன் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார், அவருக்கும் வயிறு முட்டிவிட்டது, அவர் காலைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு இழுக்கிறது, பார்க்கக் கூடாது. எதையாவது நினைக்க வேண்டும், அதை நினைக்கக் கூடாது, அதையே நினைக்கிறேன். புனேயில் பள்ளியைப் பார்க்கப் போன அன்று என்னை மாதிரிக்கு ஒரு சுற்று மேலே கூட்டிப் போனார்கள், ஏறுவதற்கு முன்னால் கேப்டன் பர்வே விமானத்தின் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார், உனக்கு முன்னாலும் எனக்கு முன்னாலும் ஒரே மாதிரி பிடி இருக்கும், எந்த நேரத்திலும் ஒருவர் கையில்தான் விமானம், கை மாற்றும்போது மூன்று தடவை பேச்சு, கொடுக்கிறவர் 'யூ ஹேவ் கன்ட்ரோல்' என்பார், இனி உன் கையில் என்று அர்த்தம், வாங்குகிறவர் 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று திரும்பச் சொல்ல வேண்டும், அதைக் காதால் கேட்ட பிறகு கொடுத்தவர் இன்னொரு தடவை 'யூ ஹேவ் கன்ட்ரோல்' என்று சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். எதற்கு மூன்று தடவை என்றேன். இல்லாவிட்டால் நான் ஓட்டுகிறேன் என்று நீயும் நீ ஓட்டுகிறாய் என்று நானும் நினைத்துக்கொண்டு ரெண்டு பேரும் ஜாலியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்போம் என்று சொல்லி அவர் ஜோராகச் சிரித்தார், நானும் சிரித்தேன், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பா என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

மேலே போனதும் கொடுத்தார், மூன்று தடவையும் முறையாகச் சொன்னார், வாங்கிக்கொண்டேன், என் உள்ளங்கை வேர்த்துப் பிடி வழுக்கியது, கீழே கரும்புக்காடு, அதை வெட்டிக்கொண்டு போகிற ஒரு மண் பாதை, இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம், வந்தது, சொன்னபடி கேட்டது. திரும்பி ஓடுபாதைப் பக்கம் வந்துகொண்டிருக்கும்போது பர்வே ஒரு கையால் ஏரியைக் காட்டினார், அது நன்றாகத் தெரியட்டும் என்று மறு கையால் தன் பக்கத்துப் பிடியைத் தொட்டு லேசாகச் சாய்த்தார், பிறகு நேராக்கினார், வாயால் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே அவர் வாங்கிக்கொண்டார் என்று நான் நினைத்தேன், கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நானும்தான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, விமானம் அதுபாட்டுக்கு அப்படியே நேராகப் போய்க்கொண்டிருந்தது, ஏரியில் வெயில் அடித்தது, என் தோள் இறங்கியது, வயிறு தளர்ந்தது, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து முதல் தடவையாக நான் சந்தோஷமாக இருந்தேன், ஓட்டுகிறவர் ஓட்டுகிறார் நாம் பார்த்துக்கொண்டு வரலாம் என்ற சந்தோஷம், எனக்கு நன்றாகப் பழகிய சந்தோஷம் அது, காங்கேயத்தில் அப்பாவின் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு வருகிற சந்தோஷம். பிறகு இடது இறக்கை மெதுவாக இறங்கியது, பார்த்தேன், கேப்டன் திருப்புகிறார் என்று நினைத்தேன், அவர் என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினார், பொண்ணு திருப்புகிறாள் பரவாயில்லையே என்கிற மாதிரி, இன்னும் இறங்கியது, மூக்கும் இறங்கியது, இன்ஜின் சத்தம் மாறி உறுமலானது, கரும்புக்காடு கண்ணாடி முழுக்க வந்துவிட்டது, அப்போதுதான் அவர் என் மடியைப் பார்த்தார், மடியில் என் இரண்டு கையும் சாமி கும்பிட்டு முடித்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

என் கை எழுந்ததா, அதுதான் கேள்வி, ராத்திரியும் பகலும் அதுதான் கேள்வி. அவர் பாய்ந்து பிடித்து நேராக்கினார், சரி, ஆனால் அதற்கு முன்னால், கரும்பின் தோகை தனித்தனியாகத் தெரிந்த அந்த நொடியில், என் கை மடியிலிருந்து எழுந்ததா இல்லையா. சில சமயம் எழுந்தது என்று ஞாபகம், விரல் பிடியில் பட்டதுகூட ஞாபகம் இருக்கிறது, சில சமயம் எழவே இல்லை, யாராவது சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. இதுவும் எழுபத்திநாலு மாதிரி ஆகிவிட்டது, திரும்பத் திரும்பப் பார்த்து எது நடந்தது எது மனப்பாடம் என்று பிரிக்க முடியவில்லை. கீழே இறங்குவதற்குள் பர்வேக்கு முகம் திரும்ப வந்துவிட்டது, பெரிதாகச் சிரித்தார், என் தோளில் தட்டினார், அப்பாவிடம் போய்க் கையைக் குலுக்கி "யுவர் டாட்டர் இஸ் எ நேச்சுரல்" என்றார், அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், கோயம்புத்தூரில் இறங்கியதும் கடையில் இருப்பவர்களுக்கெல்லாம் ஸ்வீட் வாங்கிவிட்டார். அப்பாவிடம் நான் மூன்று தடவைப் பேச்சை மட்டும் சொன்னேன், அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை, அவருக்கு அது ஒரேயடியாகப் பிடித்துப்போய்விட்டது, இப்போது வீட்டில் டிவி ரிமோட் கொடுப்பதென்றாலும் யூ ஹேவ் கன்ட்ரோல், கார் சாவி கொடுப்பதென்றாலும் யூ ஹேவ் கன்ட்ரோல், சாம்பார்க் கரண்டியைக்கூட விடுவதில்லை, அம்மா "சோத்தப் போட உடுங்க, ஆறிப்போவுது" என்று கத்துகிறாள், நான் ஐ ஹேவ் கன்ட்ரோல் என்கிறேன், அவர் மூன்றாவது தடவையும் சொல்லிவிட்டுத்தான் கரண்டியை விடுகிறார், ஒரு தடவைகூட மறந்ததில்லை, கேப்டன் மறந்தார், அப்பா மறப்பதில்லை. அந்த ஆளிடம் போய் நான் சேர்கிறோம் என்று சொல்லப் போகிறேனா. நடந்ததைச் சொன்னால் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார், அவர் ஆசை என் கையால் போய்விடும், சொல்லாவிட்டால் நான் பர்வே பக்கத்தில் மறுபடி உட்கார வேண்டும், ஒரு நாள் இல்லை, ஒரு வருஷம், மடியில் கையை வைத்துக்கொள்கிற நானும் வாயால் சொல்ல மறக்கிற அவரும்.

அந்த அண்ணனையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், அடுத்தது நான், இடது பக்கம் பாத்ரூம் கதவு, வலது பக்கம் ஸ்கேன் ரூம் கதவு, பாத்ரூமுக்குள் போனால் எல்லாம் தீர்ந்துவிடும், வயிறு காலி, இன்றைக்கு ஸ்கேன் இல்லை, மறுபடி முதலிலிருந்து தண்ணீர், அல்லது மறுபடி வரவே வேண்டாம். அப்பாவின் கைபேசி எங்கள் இருவருக்கும் நடுவில் நாற்காலிக் கையின் மேல் இருக்கிறது, எந்த நிமிஷமும் அடிக்கும்.

"அப்பா, ஒண்ணு சொல்லோணுங்ப்பா."

"பாத்ரூமா கண்ணு? இன்னுங் கொஞ்ச நேரந்தான், பல்லக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கோ."

"அதில்லீங்ப்பா. அன்னிக்கு மேல போனமல்லங்க, அதுல கொஞ்ச நேரம் யாருமே ஓட்டலீங்ப்பா."

"ஓட்டலீன்னா?"

சொன்னேன், ஏரியைச் சொன்னேன், மடியில் வைத்த கையைச் சொன்னேன், கரும்புக்காட்டைச் சொன்னேன், என்ன குரலில் சொன்னேன் என்று தெரியவில்லை, எதிர் வரிசையில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். அப்பா மடியிலிருந்து புத்தகங்கள் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தன, அவர் எடுக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன்.

"கீழ நின்னு பாத்துட்டேதான் இருந்தேன்" என்றார். "ஏரோப்ளேன் ஒரு பக்கமாச் சாஞ்சுது. பக்கத்துல நின்ன வாட்ச்மேன்கிட்ட, என்ற பொண்ணு திருப்பறா பாருங்கன்னு சொன்னேன். தமிழ்லதான் சொன்னேன், அவனும் தலைய ஆட்டுனான்."

மூன்று பேர், நான் கேப்டனை நினைத்தேன், கேப்டன் என்னை நினைத்தார், கீழே அப்பாவும் என்னை நினைத்தார், மேலே அது தனியாகச் சாய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அடிவயிறு தாங்காது.

"எனக்குப் பயங்கண்ணு" என்றார் அப்பா, அவர் குரலே இல்லை அது. "அன்னிக்கு மட்டுமில்ல. மொதல்ல இருந்தே பயந்தான். அந்தப் பொம்மையை வாங்கிட்டு வந்து குடுத்தனே, அன்னிக்கு ராத்திரி பூராத் தூங்குல. புனேக்குப் போறப்ப கண்ணை மூடிட்டு எதுக்குக் கும்புட்டேங்கற? உசுரோட எறக்கி உட்டுரு முருகான்னுதான். ஆனா நீ அந்தப் பொம்பளையப் பாத்து ஆசப்பட்டுட்ட. ஆசப்பட்ட புள்ளகிட்டப் போயி அப்பனுக்குப் பயமா இருக்குதுன்னு சொல்ல முடியுமா, சொல்லு. அதான், இழுத்துப் புடிச்சுட்டு ஓடிட்டு இருந்தேன்."

"உங்களுக்குத்தான ஆசைன்னு நானு..."

"எனக்கா?"

 ஏர்போர்ட் கம்பிக்குப் பக்கத்தில் ஆரம்பித்து இத்தனை வருஷம், பொம்மை, கணக்குக் குரூப், பந்திப் பேச்சு, புனே, இந்த ஸ்கேன் சென்டர், எல்லாம் அதுபாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, அவர் கையும் மடியில், என் கையும் மடியில். அப்பா என்னைப் பார்க்கிறார், அவர் முகம் ஏதோ இறக்கி வைத்த மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது, எனக்கு அந்த முகம் தெரியும், கடையில் ஒரு நாள் முழுக்கத் தகராறு செய்த மோட்டாரைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வருகிற முகம். "அப்ப உனக்கும் வேண்டாமா கண்ணு? சாமி, இத மொதல்லயே சொல்லிருக்கலாமல்ல. போ, போயி பாத்ரூம் போயிட்டு வா. எங்காச்சும் நல்லதா ஒரு காப்பி குடிச்சுட்டு ஊருக்குப் போயிரலாம். அவன் போன் பண்ணுனான்னா நான் பேசிக்கறேன்."

போய்விடலாம். எழுந்தும்விட்டேன், இடது பக்கம் கதவு, பத்தடிகூட இருக்காது, காப்பி, பின் சீட்டு, ஜன்னலில் தலை, அவர் ஓட்டுவார், பல்லடம் தாண்டினால் தூங்கிவிடலாம், காலேஜில் ஏதாவது ஒரு படிப்பு, யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை, எனக்கு இதுதானே வேண்டும் என்று பார்க்கிறேன், தோள் இறங்கவில்லை. தோள் இறங்க வேண்டும், ஏரிக்கு மேல் இறங்கியதே, இப்போது ஏன் இறங்கவில்லை, தொண்டையில் என்னமோ சூடாக ஏறுகிறது, கோபமா, ஆமாம் கோபம், யார் மேல் கோபம், நான் பேசிக்கறேன் என்கிறாரே அதன் மேல் கோபம், யாருடையது என்று இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் இருந்த ஒன்றை இப்போது ஒருவர் எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார், எடுக்கும்போதுதான் அது என்னுடையது என்று தெரிகிறது, இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம், நான் சொன்னபடி கேட்டதே, அந்த வேர்த்த கை எனக்கு வேண்டும், கொண்டை இல்லை, பெட்டி இல்லை, அது வேண்டும். இதை நான் பார்த்துச் சொல்கிறேனா மனப்பாடத்தில் சொல்கிறேனா, யாரும் இதை எனக்குச் சொன்னதில்லையே, எப்படி மனப்பாடம் ஆகும். பயமாக இருக்கிறது, வயிறு வலிக்கிறது. கைபேசி அடிக்கிறது. அப்பாவின் கை போகிறது, என் கையும் போகிறது, என் கைதான் முதலில் போனது, அவர் கை அதன் மேல் வந்து விழுந்தது, இதை நான் நன்றாகப் பார்த்தேன்.

"நானே பேசறனுங்ப்பா. காப்பி வேண்டாங்ப்பா."

அவர் என் முகத்தில் எதையோ தேடினார். கைபேசி எங்கள் இரண்டு கைக்கும் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் ரிமோட் கொடுக்கும்போது சொல்கிற குரலில் இல்லை, மெதுவாக, யாருக்கும் கேட்காமல் சொன்னார். "யூ ஹேவ் கன்ட்ரோல்."

"ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றேன்.

மூன்றாவது தடவை அவர் சொல்ல வேண்டும், சொல்லவில்லை, கையையும் எடுக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது, புனே விமானத்தில் அசைந்த மாதிரி. அதற்குள் "தாரணி யாருங்க, தாரணி" என்று சிஸ்டர் கூப்பிட்டுவிட்டார். நான் அவர் கைக்குக் கீழேயிருந்து கைபேசியை மெல்ல இழுத்துக்கொண்டேன், அந்த முனையில் பர்வேயின் ஆபீஸ் பெண் பாட்டு மாதிரி ஆங்கிலத்தில் வாழ்த்துச் சொன்னாள், நான் உங்கள் பள்ளிக்கு வரவில்லை என்றேன், ஏன் என்றாள், கேப்டனுக்குத் தெரியும், ஏரிக்கு மேல் அந்த மூன்று தடவைப் பேச்சை மறந்தாரே என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றேன், இந்தத் தடவை வாக்கியம் முழுசாக வந்தது. ஸ்கேன் முடிந்ததும், பாத்ரூம் போய்விட்டு வந்ததும், கேப்டன் ஷைலஜாவுக்குப் போன் போட வேண்டும், மேடம் அன்றைக்கு நன்றாகத்தான் கேட்டது, பதில்தான் தெரியவில்லை, இப்போதும் பாதிதான் தெரியும், மழைக்காலத்தில் உட்காரச் சொன்னால் உட்காருகிறேன், உங்கள் ஊரில் மூன்று தடவையும் சொல்வீர்களா என்று கேட்க வேண்டும். தப்பென்று டாக்டர் எழுதிவிட்டால் என்ன செய்வது, எழுபத்திநாலு, பச்சை, பித்தப்பை, எல்லாம் அப்படியேதான் இருக்கிறது, ஒரு பயமும் குறையவில்லை, ஆனால் இப்போது அது என் பயம். காலைச் சேர்த்து வைத்து, ஒரு அடி, இன்னொரு அடி, வலது பக்கத்துக் கதவுக்குப் போனேன்.

"நல்லா நெறைஞ்சிருக்கா?" என்றார் சிஸ்டர்.

"நெறைஞ்சிருக்குங்க."

கதவு பாதி மூடும்போது பின்னால் அப்பாவின் குரல் கேட்டது, காங்கேயத்து இங்கிலீஷ். "யூ ஹேவ் கன்ட்ரோல், கண்ணு." திரும்பிப் பார்த்தேன். கீழே கிடந்த புத்தகங்களைப் பொறுக்காமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.